மதகடிக் கணக்கு

டிசம்பர் 2

மழை விட்டு மூன்று நாள் ஆகிறது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்திகளில் முழங்கால் தண்ணீர். பூநாரைகள் வந்துவிட்டன. பவளக்காலி, பச்சைக்காலி, வளைந்த மூக்குக் கோட்டான் எல்லாம் ஆஜர். கொசு உள்ளான் ஆயிரத்துக்குக் குறையாது. கடற்காகங்கள் மட்டும் வழக்கம் போலக் கரையில் மீன்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

முப்பத்தொரு வருஷம் நாகப்பட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். படிக்கட்டில் தொங்கியபடி இந்தப் பறவைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பைத்தியம் பிடித்தது. ரிட்டயர் ஆன எட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்த நாவல்புலத்தில் ஒருத்தன் இதுவரை "எதுக்குய்யா எழுதுற" என்றுகூடக் கேட்டதில்லை.

கொசு உள்ளான் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. முன்பெல்லாம் சந்தைக்குப் போகிற பெண்கள் மாதிரி பேசிக்கொண்டே போகும். இந்த வருஷம் வந்தது ஊமைக் கூட்டம். வடதுருவத்திலிருந்து பறந்து வந்த களைப்பாக இருக்கும்.

திரும்பும்போது மதகடியில் நின்றேன். மதகுக்குக் கிழக்கே இருப்பது என் தங்கை அஞ்சம்மாளின் வீட்டுக்காரர் வைரக்கண்ணு குத்தகைக்கு எடுத்திருக்கும் வயல். மாப்பிள்ளைச் சம்பா நிற்கிறது. உரம் இல்லை, மருந்து இல்லை, நஞ்சில்லா நெல் என்று ஊரெல்லாம் தம்பட்டம்.

வயல் பறவைகளை நான் கண்ணால் எண்ணுவதில்லை. கதிர்க்குருவி கட்டைவிரல் அளவு. நெல்லுக்குள் புகுந்தால் தேவேந்திரனுக்கே ஆயிரம் கண்ணும் பற்றாது. அதனால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாடுகிறதை மட்டும் எண்ணுவேன். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது. நெரிசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் பின்னால் பம்முகிறவனை அவன் இருமலை வைத்தே பிடித்தவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மதகடியில் கதிர்க்குருவிச் சத்தம் காது கொள்ளாது. அடுத்த வருஷம் பாதி. போன வருஷம் இரண்டோ மூன்றோ. இன்று ஒன்றுமில்லை. ஆட்காட்டி கத்தியது, செண்பகம் உறுமியது, காக்கை கரைந்தது. அவ்வளவுதான். மேட்டுக் கொல்லையில் வானம்பாடியும் இல்லை.

நோட்டில் சுழியம் போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5

குக்கர் அடியோடு கருகிப் போயிற்று. மூன்று விசில் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு தையல்நாயகி கொல்லைக்குப் போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. புகை வந்தது.

"செவிடன் காதுல ஊதுன சங்கு மாதிரி" என்று தலையிலடித்துக்கொண்டாள். கட்டிய புருஷனைச் சொல்கிற சொல்லா இது? குக்கர் பழசு, விசில் அடைத்துக்கொண்டது என்றேன். அவள் ஏதோ முந்தானைக்குள் முணுமுணுத்தாள். இந்தப் பெண்பிள்ளைக்கு வரவரத் தொண்டையே இல்லை.

டிசம்பர் 9

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். விடியற்காலை, பனி விலகவில்லை, வைரக்கண்ணு முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மருந்தா அடிக்கிறிய?"

"மருந்தா? மீன் அமிலம் மச்சான். மீன் கழிவும் வெல்லமும். கிட்ட வந்து மோந்து பாருங்க."

"நாத்தம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள என்ன கலந்திருக்கோ யாரு கண்டா. குருவி ஒண்ணும் பாடலியே மாப்ள."

"பாடலியா? காலைலேர்ந்து தலைக்கு மேல நின்னு சிட்டு சிட்டுன்னு உசுர வாங்குதுவொ!" சிரித்தார். "குருவிக் கண்டக்டரு விசிலடிச்சாத்தான் பாடுமோ என்னமோ."

வரப்பில் நின்ற ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பட்டப்பெயர் வைத்ததே இவர்தான். டீக்கடையில் இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

வழியில் அஞ்சம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்தாள். "அண்ணே, இந்தத் தடவ வெளைச்சல் மொத்தத்தையும் நாகப்பட்டினம் நஞ்சில்லா நெல் குழுவே எடுத்துக்குதாம். அத வச்சுத்தான் குத்தகைய திருப்பி எழுதணும். இல்லன்னா எறா குளத்துக்காரன் வாய்க்கா ஓரத்துல நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான்" என்று கத்திச் சொன்னாள். என் தங்கை என்னிடம் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். அவள் ஒருத்திதான் இந்த ஊரில் தெளிவாகப் பேசுகிறவள்.

டிசம்பர் 13

ராத்திரி புயல் ஓரம் தட்டிவிட்டுப் போயிற்று. கடல் பறவை ஏதாவது கரை ஒதுங்கியிருக்கும் என்று காலையில் ஆறுகாட்டுத்துறை மீனவர் குப்பத்துக்கு ஓடினேன். நினைத்தது சரி. மீன் கூடைக்குள் ஒரு பறவையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பட்டை. நடுக்கடலில் வாழ்கிற ஆலா. கரைக்கு வரவே வராது. என் ஆயுசில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. படம் எடுத்தேன். மத்தியானம் வரை நிழலில் வைத்திருந்து, காற்று அடங்கியதும் விட்டோம். இரண்டு தரம் தடுமாறியது. பிறகு கடலைப் பார்த்துப் போயே போய்விட்டது.

நாகப்பட்டினம் பறவை மன்றத் தலைவர், காலேஜ் வாத்தியார், போன் பண்ணினார். "ஐயா, சாதனை! உங்க கணக்கையெல்லாம் நீங்க எழுதணும். பேப்பர்ல நான் போடச் சொல்றேன்" என்றார். எட்டு வருஷத்தில் என்னை ஐயா என்று கூப்பிட்ட முதல் படித்த மனுஷன்.

டிசம்பர் 19

சாயங்காலம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று உறைத்தது. சில்வண்டுச் சத்தம் இல்லை. இந்த மழைக்கு ராத்திரியெல்லாம் காதைத் துளைக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் பூச்சியே செத்துவிட்டது. பூச்சி இல்லாமல் குருவி எதைத் தின்று பாடும்? வயலில் அடிக்கிற விஷம் என் வீட்டுக் கொல்லை வரை வந்துவிட்டது. தையல்நாயகியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அஞ்சாங் கிளாஸோடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது.

டிசம்பர் 24

பேப்பருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தையல்நாயகி பின்னால் நின்று ஏதோ நச்சரித்தாள். பேனாவை நிறுத்தவில்லை.

டிசம்பர் 28

வைரக்கண்ணு வீட்டுக்கே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். வரப்போரம் நெல்லை விலக்கிக் காட்டினார். நூலாம்படையால் தாளைச் சேர்த்துத் தைத்த கூடு. கதிர்க்குருவிக் கூடுதான், சந்தேகமில்லை. ஒரு குருவி எழும்பி, கயிற்றில் கட்டி ஆட்டினாற்போல மேலும் கீழுமாகப் பறந்தது.

"இப்ப என்ன சொல்றிய மச்சான்?"

நன்றாகக் கவனித்தேன். அலகைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. பாடாத குருவி நோய்க்குருவி. இதை அவரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்ககிட்டப் பேசுறதுக்கு அந்த மதகுகிட்டப் பேசலாம்" என்று போய்விட்டார்.

இதையும் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். கூடு கட்டியும் குரலிழந்த குருவிகள். நல்ல வரி.

ஜனவரி 6

வந்துவிட்டது! ஆறாம் பக்கம், கால் பக்கம், என் படத்தோடு. "நஞ்சில்லா வயலில் குருவியில்லை: ஓய்வு பெற்ற நடத்துநரின் மூன்றாண்டுக் கணக்கு." டீக்கடையில் பேப்பரை நாலு பேர் கை மாற்றிப் படித்தார்கள். குருவிக் கண்டக்டர் என்று ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை. நடுக்கடல் ஆலாவைக் கண்டுபிடித்தவர் என்றும் போட்டிருந்தார்கள்.

நான் யார் பெயரையும் எழுதவில்லை. நாவல்புலம் மதகடி என்று மட்டும்தான் எழுதினேன்.

ஜனவரி 7

மதகடியில் நஞ்சில்லா வயல் ஒன்றுதான் இருக்கிறது என்று தையல்நாயகி காகிதத்தில் எழுதிக் காட்டினாள். வாயால் சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

ஜனவரி 10

குழுக்காரர்கள் காரில் வந்தார்கள். கதர் ஜிப்பா போட்ட செயலாளர், கூட இரண்டு பேர். வயலைச் சுற்றினார்கள், மண்ணை எடுத்துப் பையில் கட்டினார்கள். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"நீங்க எழுதினது நூத்துக்கு நூறு உண்மைதானா ஐயா?"

"மூணு வருசக் கணக்கு. ஒரு நாளும் பொய் எழுதினதில்ல" என்றேன். அது உண்மை. பொய் எழுதியதே இல்லை.

மண் பரிசோதனை முடிவு வர ரெண்டு மாதம் ஆகுமாம். அதுவரை இந்த நெல்லை எடுக்க முடியாது, வாங்குகிறவர்கள் இப்போதே போன் போட்டுக் கேட்கிறார்கள் என்று செயலாளர் வைரக்கண்ணுவிடம் சொன்னார். நெல் தை பாதியில் அறுத்தாக வேண்டும். வைரக்கண்ணு குனிந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. மறைப்பானேன். ஆனால் உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 13

அஞ்சம்மாளுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோனேன். கரும்பு ஒரு கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புதுப் பானை. என்ன சண்டையானாலும் கூடப் பிறந்தவளுக்கு வரிசை நிற்கக் கூடாது. தையல்நாயகிக்கு முழங்கால் வலி, வரவில்லை.

வாசலிலேயே மறித்துக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது. உள்ளே மாப்பிள்ளை படுத்திருந்தார் போலிருக்கிறது. அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் போல வெகுநேரம் பேசினாள். வழக்கமாகக் கத்துகிறவள் இன்று ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சல். கோபம் இருக்கும், கொட்டட்டும் என்று நின்றேன். பஸ்ஸில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் கண்டக்டர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தலையாட்டுவது. ஆட்டினேன். பண்டிகை நேரத்தில் எதற்கு வம்பு.

தலையாட்டியதும் சட்டென்று அழுதுவிட்டாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கரும்பையும் பானையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தங்கை தங்கைதான். அடித்தாலும் நீர் விலகாது.

ஜனவரி 21

உப்பளம். ஊசிவால் வாத்து நிறைய. பெரிய ஆலா ஏழு. கோணமூக்கு உள்ளான் முதல் முறையாக இந்த வருஷம்.

பஜாரில் அஞ்சம்மாள் எதிரே வந்தாள். "எப்பண்ணே போற?" என்று கேட்டாள். எங்கே போவதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. "போவணும், போவணும்" என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 3

அறுவடை முடிந்தது. எல்லா நெல்லையும் சாதா நெல்லாக வியாபாரி அள்ளிக்கொண்டு போய்விட்டான். வருஷா வருஷம் முதல் மூட்டை புது அரிசி என் வீட்டுக்கு வந்து இறங்கும். இந்த வருஷம் வரவில்லை. தெருவில் அஞ்சம்மாளைப் பார்த்தேன். வரிசையை வாங்கிக்கொண்டு கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள், இன்று எச்சிலைக் கூட்டிக் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

மூன்றே வாரத்தில் என்ன வந்தது இவளுக்கு? பெண்பிள்ளை மனசு ஆழம் பார்க்க முடியாது. நான் என்ன துரோகம் செய்துவிட்டேன்?

பிப்ரவரி 17

நாகூரிலிருந்து ஃபர்ஹானா என்று ஒரு பெண் வந்தது. வயல் பறவைகளின் குரலைப் பதிவு செய்து ஆராய்ச்சி பண்ணுகிறதாம். என் கட்டுரையைப் படித்துவிட்டு, குரலிழந்த வயலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறது. தலையில் முக்காடு, தோளில் பை, கையில் பஞ்சு மூடிய மைக். மரியாதையான பெண்.

மதகடிக்குப் போனோம். அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது. என் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கட்டையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறந்து, "ஆட்காட்டி ரெண்டு, மைனா நாலஞ்சு, செண்பகம் ஒண்ணு. கதிர்க்குருவி இல்ல, வானம்பாடி இல்ல. எழுதிக்கம்மா" என்றேன்.

அந்தப் பெண் எழுதவில்லை. என்னையே பார்த்தது.

"அங்கிள், இப்ப உங்களுக்கு எதுவுமே கேக்கலியா?"

"அதத்தானம்மா மூணு வருசமாச் சொல்றேன்."

வாயைத் திறந்தது, மூடியது. பிறகு ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டி, குமிழைத் திருகியது. இன்னும் திருகியது.

சிட். சிட். சிட். சிட்.

அதன் மேல் இன்னொன்று, நீளமாக, இறங்கி இறங்கி வருகிற சீட்டி. வானம்பாடி இறக்கையை மடித்துக் கீழே பாய்கிறபோது அடிப்பது. எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த ஊர்லம்மா பதிஞ்ச இத? நல்ல வயலு."

"இங்கதான் அங்கிள். இப்பதான். நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தப்ப."

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கருவியில் பழைய பதிவு ஏதாவது கலந்திருக்கும். சீன சாமான். இந்தக் காலத்தில் எதைத்தான் நம்புவது.

பிப்ரவரி 18

தூங்கவில்லை. காலையில் தையல்நாயகியை எதிரே உட்கார வைத்துக் கேட்டேன்.

"கொல்லையில சில்வண்டு கத்துதா?"

"ராத்திரியெல்லாம் கத்துது."

"குக்கர் விசில் வருதா?"

"தெருவுக்கே கேக்குது."

"மதகடியில குருவி?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும். மூணு வருசமாத் தெரியும். கனத்த சத்தமெல்லாம் கேக்குது, சன்னச் சத்தம் ஒண்ணும் கேக்கல ஒங்களுக்கு."

"பாவி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேங்க. எத்தன தடவ சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல."

மார்ச் 4

திருவாரூரில் காது டெஸ்ட். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றான் டெஸ்ட் எடுக்கிற பையன். கைகட்டி உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்தப் பையன் குமிழைத் திருகித் திருகிக் களைத்துப் போனான்.

"மேல் சத்தம் ரொம்பப் போயிருச்சு சார். கொஞ்சம் மிச்சம் இருக்கு, மெஷின் போட்டா கேக்கும். என்ன வேலை பாத்தீங்க?"

கண்டக்டர் என்றேன். விசிலா என்று கேட்டான். விசில்தான். முப்பத்தொரு வருஷம் என் வாயிலேயே வைத்து என் காதிலேயே ஊதிக்கொண்டிருக்கிறேன்.

மெஷினை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பயல் விசில் அடித்தான். அப்பப்பா! தலைக்குள் ஆணி இறங்கினாற்போல இருந்தது.

மார்ச் 8

பேப்பர் ஆபீஸுக்குப் போனேன். தப்பு என் காதில், வயலில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேஜையில் இருந்தவன் படித்துவிட்டு, "அது பழைய நியூஸ் ஐயா, இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கா" என்றான். ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

அங்கிருந்து காலேஜ் வாத்தியார் வீடு. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அறிவியல்ல இதெல்லாம் சகஜம் ஐயா! பறவை பாக்குறவங்களும் செவித்திறனும்னு இதையே ஒரு கட்டுரையா எழுதுங்களேன், ரொம்ப சுவாரசியமா இருக்கும்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

குழுச் செயலாளர் ஊரில் இல்லை. மண் பரிசோதனை முடிவு போன வாரமே வந்துவிட்டதாம், ஆபீஸ் பெண் சொன்னாள். சுத்தமான மண்ணாம். "ஆனா அந்த நெல்லுதான் வித்துப் போச்சே சார்."

மார்ச் 9

அஞ்சம்மாள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 15

இன்றும்.

ஏப்ரல் 6

மதகடியில் மண்வெட்டும் இயந்திரம் நிற்கிறது என்று தையல்நாயகி சொன்னாள். மெஷினை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

குத்தகையைப் புதுப்பிக்க வழியில்லாமல் போய், வயல்காரன் இறால் குளத்துக்கு விட்டுவிட்டான். கிழக்கு மூலையில் பாதி தோண்டியாகிவிட்டது. மேல் மண்ணை, அந்தக் கறுப்பு மண்ணை, கரையாகக் கொட்டிக்கொண்டிருந்தான். தோண்டாத பாதியில் வானம்பாடி எழும்பி எழும்பிச் சீட்டியடித்துப் பாய்ந்தது. ஒன்றா, இரண்டா! இயந்திரச் சத்தத்துக்கு மேல் அத்தனையும் கேட்டது. வரப்புப் புல்லில் கதிர்க்குருவி, சிட் சிட் சிட் என்று. நிறுத்தவே இல்லை. இத்தனை நாளும் நிறுத்தியதில்லை.

வரப்பில் அஞ்சம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். காதைத் தொட்டுக் காட்டினேன்.

"அஞ்சம்மா, கோளாறு என் காதுலதான். குருவியெல்லாம் இருந்திருக்கு. மாப்பிள்ள சொன்னதுதான் உண்மை."

"தெரியும். அண்ணி சொல்லிச்சு." கத்தவில்லை. மெல்லத்தான் பேசினாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"அப்பறம் ஏன் ஆத்தா அன்னைக்கு நீயாவது சொல்லல..."

"அன்னைக்கா? பொங்கலுக்கு வரிசை கொண்டாந்தியே, அன்னைக்கு என்ன சொன்னேன் ஒன்கிட்ட?"

மெஷினைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"எழுதுன ஆளே வந்து, கணக்குல தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா நெல்ல எடுத்துக்குறோம்னு குழுக்காரவொ சொன்னாவொ. அவரு, செத்தாலும் ஒங்க அண்ணன்கிட்டப் போயி நிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவருக்குத் தெரியாம, உள்ளுக்குள்ள அவரு படுத்திருக்கையில, ஒங் காலுல விழாத கொறையாக் கேட்டேன். நாகப்பட்டினம் போயி ஒரு வார்த்த சொல்லுண்ணே, இந்த வயலு போனா நாங்க எங்க போவோம்னு. நீ தலையாட்டுன. சரிசரின்னு தலையாட்டுன. அத நம்பித்தானே அந்தக் கரும்ப வாங்குனேன்."

"எனக்குக் கேக்கல ஆத்தா."

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கென்ன?"

கேட்கவில்லை என்று சொல்ல என் வாய்க்கு அப்போது வரவில்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"இப்பக் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"அப்ப நின்னு நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு இந்தப் பக்கமும் தோண்டிருவான்." சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்து போனாள்.

நின்றேன்.

மே 2

வெயில். எங்கும் போகவில்லை. மெஷினைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். தையல்நாயகி கத்திப் பேசுகிறாள், அது போதும்.

ஜூன் 15

பேட்டரி மாற்றி, மெஷினை மாட்டிக்கொண்டு மதகடிக்குப் போனேன்.

குளத்தில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். உப்புத் தண்ணீர். பறவை இறங்கி இறாலைக் கொத்தாமல் இருக்கக் குளம் முழுக்க மேலே நூல் கட்டியிருக்கிறது. கரையில் புல் இல்லை. கட்டையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கதிர்க்குருவி இல்லை. வானம்பாடி இல்லை. ஆட்காட்டிகூட இல்லை. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்தது. தூரத்து ரோட்டில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுவரை கேட்டது.

டப் டப் டப் என்று தகரச் சத்தம். கண்ணைத் திறந்தேன். எதிர்க் கரையில் வைரக்கண்ணு தகர டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு வந்தார். இறால் குளத்தில் அவருக்குப் பறவை விரட்டுகிற வேலை. தன் வயலாக இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நின்றார். டிசம்பருக்கு அப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது இன்றுதான்.

"கணக்கு எடுக்க வந்தியளா மச்சான்?"

தலையாட்ட வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"ஆமா மாப்ள."

"எத்தன?"

"ஒண்ணுமில்ல."

"எழுதிக்கங்க" என்றார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. டின்னைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதகடி: கதிர்க்குருவி இல்லை. வானம்பாடி இல்லை. காது சரியாக இருந்தது. பேப்பரில் வந்த கணக்கு இன்றைக்குத்தான் உண்மையாயிற்று.